பாட்டுக்குக் கொடுத்த தண்டனை

கம்பத்தில் ஒரு பாட்டுக்குத் தண்டனை கொடுத்தார்கள். கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடி, வெற்றிலை போட்டுக்கொண்டு, காலை முழுக்கப் பேசித்தான் கொடுத்தார்கள். என் அக்காவின் கையைப் பிடித்து இழுத்த மனிதர் அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு தண்டனையும் இல்லை.  

என் அப்பா கம்பத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் காப்பி கிளப் வைத்திருந்தார். குமுளிக்கு ஏறும் வண்டிக்காரர்கள், ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள், நெல் பிடிக்க வரும் வியாபாரிகள் எல்லாரும் எங்கள் கிளப்பில்தான் காப்பி குடிப்பார்கள். எதிர் வரிசையில் இன்னொருவர் புதுக் கிளப் திறந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்பா மதுரைக்குப் போய், யாரோ விற்க வைத்திருந்த பழைய கிராமபோன் ஒன்றை வாங்கிவந்தார். பெரிய ஊமத்தம்பூ மாதிரிக் குழாய், சாவி கொடுக்கக் கைப்பிடி, கூடவே ஒரு கட்டு பிளேட். இசைத்தட்டு என்ற சொல்லெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. பிளேட்தான்.

அந்தக் கட்டில் பாதி சாமி பாட்டு. சாமி பாட்டுக்கு யாரும் கூடுதலாக ஒரு காப்பி குடிக்கவில்லை. ஒரே ஒரு பிளேட்டுக்குத்தான் கூட்டம் திரும்பி வந்தது. நாடகக்காரர்கள் பாடிய கேலிப் பாட்டு அது. ஒரு தையற்காரன் ரவிக்கைக்கு அளவெடுக்க வருகிறான். அளவு எடுத்து முடியவே இல்லை. "அளவெடுக்கும் தையக்காரா, நாடா எங்கே போகுது?" என்று பெண் குரல் கேட்கும். "போற இடம் போகட்டுமே, புடவைக்காரி பேசாதே" என்று அவன் பாடுவான். நடுநடுவே அவன் கனைப்பு, அவள் சிரிப்பு. ஆபாசமான பாட்டுதான். இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை.

அடுப்படியில் அக்கா இருந்தாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் புருஷன் தோட்டத்துக் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தவளை அப்பா கிளப்பின் பின்கட்டில் வைத்தார். மாவாட்டுவது, வடை போடுவது, சட்னி அரைப்பது எல்லாம் அவள்தான். முன்பக்கம் வரக்கூடாது. முன்பக்கத்துக் காற்று அவளுக்கு வந்ததெல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான்.

அவளுக்கு நல்ல குரல். புருஷன் செத்த பிறகு அவள் வாயைத் திறந்து பாடி நான் கேட்டதில்லை. அந்தப் பிளேட் வந்த மாதம், மாவாட்டிக்கொண்டே தையற்காரன் பாட்டைப் பாடினாள். குழவியைச் சுற்றும் வேகத்துக்குச் சரியாக இருந்தது அதன் தாளம். அவன் கனைப்பைக் கூட அப்படியே செய்து காட்டுவாள். நானும் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெதுவாடி, முன்னால கேட்டுறப் போகுது" என்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாட்டு கிளப்போடு நிற்கவில்லை. தெருவில் போகிற பெண்களைப் பார்த்து "அளவெடுக்கவா?" என்று கேட்கும் பழக்கம் ஊர் இளவட்டங்களுக்கு வந்தது. தண்ணீருக்குப் போனால் கேட்பார்கள், சந்தைக்குப் போனால் கேட்பார்கள். அந்தச் சொல் காதில் விழும்போது, பள்ளிக்கூடம் போகிற என் முதுகில் யாரோ எச்சில் துப்பியது மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பாட்டு வருவதற்கு முன்பு அவர்கள் என்ன, தலை குனிந்து போனார்களா? அப்போது சீட்டி அடித்தார்கள், கல்லெறிந்தார்கள். புதிதாக ஒரு சொல் கிடைத்தது, அவ்வளவுதான். அவர்களில் ஒருவனைக்கூட அவன் அப்பன் கூப்பிட்டுக் கண்டித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நெல் வியாபாரி ஒருவர் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு வருவார். ஐம்பதை நெருங்கிய வயது. நெற்றி நிறையத் திருநீறு. கோயில் திருவிழாவுக்கு அவர்தான் தலைமை. பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் வந்து பேசியவர். அவர் உட்கார்ந்ததும், "அந்தத் தையக்காரனக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்பார். அப்பா சிரித்துக்கொண்டே பிளேட்டைப் போடுவார். முதல் அடிகள் முடிந்ததும், "திருப்பிப் போடுங்க" என்பார். அப்பா முள்ளைத் தூக்கித் திரும்ப முதலிலிருந்து வைப்பார். மற்றவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். கடை நேரத்தில் பாட்டு ஒருநாளும் கடைசிவரை ஓடாது.

ஒரு சந்தை நாளில் அப்பா கடைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். அம்மா வீட்டில் இருந்தாள். முன்பக்கம் பரிமாறுகிறவன் கல்லாவில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் பின்கட்டுக் கிணற்றடியில் தம்ளர் விளக்கிக்கொண்டிருந்தேன். வியாபாரி கை கழுவ வந்தார். கை கழுவும் தொட்டி பின்கட்டில்தான், அடுப்படிக்கு எதிரே. கழுவிவிட்டு அவர் முன்பக்கம் திரும்பவில்லை. அடுப்படிக்குள் நுழைந்தார். நான் துவைக்கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"நாடா கொண்டாந்திருக்கேன்" என்றார். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை விடுங்க மொதலாளி."

"பாடுறது கேக்குதுல்ல முன்னால வரைக்கும். யாருக்குப் பாடுற?"

"விடுங்கன்னேன்."

அவர் விடவில்லை. இழுத்தார். அக்காவின் இன்னொரு கை வடைச் சட்டியில் கிடந்த ஜல்லிக் கரண்டியை எடுத்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட அதை அவர் கன்னத்தில் வைத்து ஒரு அறை. அவர் கத்தவில்லை. கத்தினால் ஆள் வரும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, புறவாசல் வழியாகப் போனார். என் பக்கத்திலேயே போனார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

அக்கா கரண்டியைத் திரும்பச் சட்டியில் போட்டாள். வெந்துகொண்டிருந்த வடைகளைத் திருப்பினாள். "கருகிருச்சு" என்றாள். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

வியாபாரியின் கன்னத்தில் புள்ளி புள்ளியாகச் சுட்ட தடம். ஜல்லிக் கரண்டி என்று ஊரில் எந்தப் பெண் பார்த்தாலும் சொல்லிவிடுவாள். மறைக்க வழியில்லாததால் அவர் முந்திக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒரு கதை வந்துவிட்டது. காப்பி கிளப்காரர் மகள், தாலி அறுத்தவள், அசிங்கப் பாட்டைப் பாடிக்கொண்டே அவரைக் கூப்பிட்டாளாம். அவர் "இது என்னம்மா குடும்பப் பொண்ணு பாடுற பாட்டா" என்று புத்தி சொன்னாராம். ஆத்திரத்தில் சுட்டுவிட்டாளாம்.

அப்பாவிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். நான் சொன்னதை நம்பினார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. "இத வெளிய சொல்லாத" என்றார்.

மறுநாள் காலை மண்டபத்தில் கூட்டம். பெண்கள் உள்ளே போகக்கூடாது. நானும் அம்மாவும் வெளியே அவிழ்த்துப் போட்ட வண்டி ஓரமாக நின்றோம். அக்கா வீட்டுக்குள் இருந்தாள். அவளைப் பற்றிய கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. வியாபாரி கன்னத்தில் ஏதோ பச்சிலை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருவர் தொண்டையைச் செருமினார். "பிள்ளையக் குத்தம் சொல்லி என்ன செய்ய? சின்ன வயசு. அந்தக் கருமம் பிடிச்ச பாட்டத் தெனமும் காதுல ஊத்துனா யாருக்குத்தான் புத்தி கெடாது?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் நல்ல மனிதர். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் என்னை அதிகமாகச் சுட்டது. அக்கா கெட்டுப்போய்விட்டாள் என்பதை யாரும் கேள்வியாகக்கூட வைக்கவில்லை. கெடுத்தது எது என்பதில்தான் பேச்சு.

"எங்க பாத்தாலும் அந்தப் பாட்டுதான். பொம்பளைப் பிள்ளைக வாய்லயும் வருது. ஊரு என்னத்துக்கு ஆகும்?"

"பிளேட்ட உடைச்சுரணும். மெசின இனிமே போடக்கூடாது."

"அந்தப் பிள்ளைய கொஞ்ச நாளைக்கு எங்கிட்டாவது அனுப்பி வைங்க. கிளப்புல வச்சுக்கிற வேணாம்."

வியாபாரி கையைத் தூக்கினார். "எனக்கு அந்தப் பிள்ள மேல வருத்தம் இல்ல. சுட்டுட்டாளேன்னு நான் நெனைக்கல. எல்லாம் அந்தப் பாட்டு செஞ்ச வேல" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று கத்தினேன். "தெனமும் வந்து அந்தப் பாட்டத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னது யாரு? அவுககிட்டக் கேளுங்க! கேட்டதுல கெட்டுப்போனது யாரு? அக்கா கையப் பிடிச்சு இழுத்தாக, நான் பாத்தேன்! எங்க அக்கா அங்கன அடுப்படியிலதான இருந்துச்சு!"

 பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "பொட்டப் பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனா இப்படித்தான்." உடனே பேச்சு பள்ளிக்கூடத்தின் மேல் திரும்பிவிட்டது. அக்காவைக் கெடுத்தது பாட்டு, என்னைக் கெடுத்தது படிப்பு. அந்த மண்டபத்தில் அன்றைக்கு ஒரு ஆண்பிள்ளைகூடக் கெடவில்லை.

அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். அவள் உள்ளங்கை என் பல்லில் இடித்தது.

பிளேட்டை அப்பாவே உடைத்தார். மண்டபத்துப் படிக்கல்லில் ஓங்கி அடித்தார். கறுப்புச் சில்லுகள் தெறித்தன. அப்போதுதான் ஒருவர் குனிந்து, பெரிய சில்லு ஒன்றை எடுத்து, அதில் ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தப் பிளேட்டின் மறுபக்கம் முருகன் பாட்டு. முருகன் பாட்டைப் படிக்கல்லில் அடித்து உடைத்துவிட்டார்கள்! கூட்டம் திகைத்து நின்றது. பூசாரியைக் கூப்பிட்டு, தண்ணீர் தெளித்து, சில்லுகளைப் பொறுக்கித் துணியில் கட்டி ஆற்றில் விடச் சொன்னார்கள். ஒரு பிளேட்டுக்குச் செய்த பரிகாரம் என் அக்காவுக்கு யாரும் செய்யவில்லை.

அந்த வாரமே அக்காவைக் கடமலைக்குண்டில் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான் போனேன். தேனிவரை பஸ், அங்கிருந்து மாமா அனுப்பிய மாட்டு வண்டி. பஸ் சின்னமனூரைத் தாண்டியதும் அக்கா சட்டென்று கேட்டாள்.

"ஏடி, அந்தப் பாட்டு கடைசில என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். நான் முன்பக்கத்தில் கேட்டதும், அவள் பாடிக் கேட்டதும் முதல் அடிகள்தான்.

"காலைல கடை தொறக்குமுன்ன அப்பா ஒருக்கா முழுசாப் போட்டுப் பாப்பாருல்ல, அப்பக் கேப்பேன். கடைசில அவ கத்திரிய எடுத்து அவன் நாடாவ வெட்டிப் போட்டுருவா. 'அளவு போதும், நடையைக் கட்டு'ன்னு வெரட்டிருவா. அவன் ஓடுவான், அவ சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காகத்தான்டி நான் அந்தப் பாட்டப் பாடுனேன். ஒரு பயலும் அதுவரைக்கும் கேக்கல."

"நீ பாடாம இருந்திருந்தா வந்திருக்க மாட்டாருன்னு அம்மா சொல்லுது."

"நான் ஊமையா இருந்தாலும் வந்திருப்பான். பாட்டு இல்லேன்னா பசிக்குதுன்னு வந்திருப்பான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கரண்டிய எடுக்கணும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அம்மாவா சொல்லிக் குடுத்துச்சு?"

அம்மா சொல்லிக்கொடுத்தது வேறு. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து அம்மா பாடும் பாட்டுகளில் வருவதெல்லாம் அடித்தாலும் பொறுத்த பெண், சந்தேகப்பட்டாலும் நெருப்பில் இறங்கிய பெண், புருஷன் போனபின் பூ நினைக்காத பெண். ஒரு கெட்ட சொல் கிடையாது அவற்றில். சின்ன வயதிலிருந்து அதையெல்லாம் கேட்டுத்தான் அக்கா முன்பக்கம் வராமல் இருந்தாள், வெள்ளைச் சேலையை யாரும் சொல்லாமலே கட்டினாள். பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்றால், அந்த நல்ல பாட்டுகளையும் ஒருநாள் மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைத்துப் பேச வேண்டும். யார் பேசுவார்கள்?

கடமலைக்குண்டில் நான் பத்து நாள் போல இருந்தேன். மாமாவின் பருத்திக் காட்டில் களையெடுக்கும் பெண்களோடு அக்காவும் போனாள். அங்கே அவர்கள் பாடிய பாட்டுகளைக் கேட்டு எனக்குக் காது சூடாகிவிட்டது. தையற்காரன் பாட்டெல்லாம் அவற்றின் முன்னால் தொட்டில் பாட்டு. கிழவிகள் எடுத்துக்கொடுக்க, இளம்பெண்கள் வாங்கிப் பாட, வரப்பில் குடை பிடித்து நின்ற மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் அவர், "கிராமபோன் வந்துல்ல ஊரக் கெடுத்துருச்சு" என்று பேசியிருந்தார்.

நான் கேட்டேன். "மாமா, இதுவும் அசிங்கப் பாட்டுதான?"

"இது காட்டுப் பாட்டு ஆத்தா. பாடுனா வேல நடக்கும்" என்றார்.

வேலை நடந்தால் பாட்டு நல்ல பாட்டு. அன்றைக்கு மாமாவின் மேல் வந்த கோபத்தில் வரப்பை விட்டு இறங்கி, நானும் களையெடுக்க உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்கள் சிரித்து இடம் விட்டார்கள்.

திரும்பி வந்தபோது கிராமபோன் இருந்த இடத்தில் சர்பத் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. வியாபாரி வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா பித்தளை டபராவில் காப்பி ஆற்றிக் கொடுத்தார். "நல்லாருக்கீகளா?" என்று அப்பா கேட்டார். "ஏதோ இருக்கேன்" என்றார் அவர். கன்னத்தில் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருந்தது. நான் பின்கட்டுக்குப் போய், விளக்கி வைத்திருந்த தம்ளர்களை எல்லாம் கிணற்றுக்குள் ஒவ்வொன்றாக வீசினேன். அப்பா ஓடிவந்து பார்த்தார், கயிற்றில் கொக்கிகள் வைத்த பாதாளக் கரண்டியை இறக்கித் தேடி எடுத்தார். உண்மை தெரிந்தும் காத்த மௌனத்துக்காக இன்றுவரை நான் அவரை மன்னிக்கவில்லை. என் படிப்பை நிறுத்தாமல் மதுரைக்கு ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினாரே, அது அவர் எனக்குக் கொடுத்த பதில் என்று அம்மா சொல்வாள். இருக்கலாம். அக்காவுக்கு அவர் ஒரு பதிலும் கொடுக்கவில்லை.

அக்கா கம்பத்துக்குத் திரும்பவே இல்லை. எங்கள் ஆட்களில் அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது புருஷன் போனவள் மறுபடி கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. வருசநாட்டுப் பக்கம் இலவம்பஞ்சு ஏற்றும் வண்டிக்காரர் ஒருவரை அவளே பார்த்து, அவளே கேட்டு, கட்டிக்கொண்டாள். அம்மாவும் நானும் போனோம். அப்பா கடை இருக்கிறது என்று வரவில்லை.

யுத்த காலத்தில் நான் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். அதற்குள் அந்த ஊருக்கு டூரிங் கொட்டகை வந்து, பிள்ளைகள் வாயெல்லாம் சினிமாப் பாட்டு. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். வாய்க்கால் பாலத்தில் பெரிய பையன்கள் உட்கார்ந்து, ஒரு பாட்டின் வரியைப் பாடி, அவள் பையைப் பறித்து, வழியை மறித்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் கூட்டிப்போனேன். அவர் மறுநாள் காலை பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, இனி யாரும் அந்தப் பாட்டைப் பாடக்கூடாது, பாடினால் பிரம்படி என்றார்.

"சார், பாட்ட விடுங்க" என்றேன், அவர் அறைக்குப் போய். "பைய பறிச்சானுக. வழிய மறிச்சானுக. அவனுக யாருன்னு இந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதுக்குக் கண்டிங்க."

"வேர அறுத்தாத்தான் சரியாகும் டீச்சர். இந்தப் பாட்டுகதான் விஷம்."

"அந்தப் பாட்ட இந்தப் பிள்ளையுந்தான் சார் கேட்டுச்சு. இது யார் பையையும் பறிக்கலையே?"

அவர் மேசையில் கிடந்த தாள்களை ஒழுங்கு செய்தார். பையன்களின் தகப்பன்மார் ஊரில் பெரிய ஆட்கள், அதுவும் எனக்குத் தெரியும். பையன்கள் அடுத்த நாள் வேறு பாட்டைப் பாடினார்கள். அந்தப் பெண்ணின் அம்மா பயந்துபோய்ப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டாள்.

நான் அந்த வீட்டுக்குப் போனேன். "எங்க பிள்ளைக்குப் படிப்பு வேணாம் டீச்சர், பேரு கெட்டுரும்" என்றாள் அந்த அம்மா. பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது. ஒரு மணி நேரம் போல வாதாடினேன். கடைசியில், காலையும் மாலையும் நானே கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன் என்றதும் சம்மதித்தாள்.

முதல் நாள் காலை வாய்க்கால் பாலத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருவன் ஆரம்பித்தான். நான் அந்தப் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு நேர் எதிரே போய் நின்றேன்.

"ஏலே, நீ யாரு மகன்?"

அவன் வாய்க்குள்ளேயே முனகினான். பக்கத்தில் இருந்த பையன்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சத்தமாச் சொல்லு. பாட்டு சத்தமா வந்துச்சுல்ல? அப்பன் பேரும் அதே மாதிரி வரட்டும்."

அவன் இறங்கி நின்றான். நாங்கள் நடந்தோம். அந்த வருடம் முழுக்க நடந்தோம். வருடக் கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை அந்தப் பிள்ளை ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நிற்கவில்லை.